கழுவவேண்டிய கை யாருடையது?

மலையக மக்களின் சுகாதாரம் பற்றி எழுதப்பட்ட கட்டுரை எதனை எடுத்து நோக்கினும் அதில் ஓர் அறிவுரை தவறாது இடம்பெற்றிருக்கும். தோட்டத் தொழிலாளர் சுத்தமாக வாழப் பழகவேண்டும் என்பதே அது. கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக, நகத்தை வெட்டுக, நீரைக் கொதிக்கவைத்துப் பருகுக. துரைமார் காலம் தொடக்கம் இன்றைய கருத்தரங்கு மேடைகள் வரை இப்பாடம் ஓயாது ஓதப்பட்டு வந்துள்ளது. பாடம் பிழையானதன்று. ஆயினும் அதனை ஓதுவோர் எடுத்த எடுப்பிலேயே ஒன்றை முடிவுசெய்துவிடுகின்றனர்: அழுக்கு லயத்திலே இருக்கிறது, தூய்மை வைத்தியசாலையிலே இருக்கிறது. இம்முடிவையே நான் இங்கு மறுக்கப் புகுகின்றேன்.

கழுவப்படாத கையினால் விளையும் மிகக் கொடிய நோய்களுள் ஒன்று லயத்தில் உண்டாவதில்லை. தூய்மைக்கே இருப்பிடம் என நாம் கருதும் அறையில், அதாவது அதிதீவிர சிகிச்சைப் பிரிவில், அது உண்டாகின்றது. அங்கே கழுவப்படாதிருக்கக்கூடிய கை நோயாளியின் கையன்று. அவர் பெரும்பாலும் நினைவிழந்து கிடப்பவர். குழாய்வழிக் குருதித் தொற்று என்று அதனை நாம் அழைக்கலாம்.

தேயிலை மலையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கொழுந்து பறிக்கையிற் குளவிக்கூடு கலைந்து தொழிலாளர் பலர் ஒருசேரக் கொட்டப்படுவது ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பகுதிகளிலிருந்து அடிக்கடி வரும் பத்திரிகைச் செய்தி. கொட்டு ஒன்றிரண்டாயின் வீக்கத்தோடு போய்விடும். கொடுக்குகள் பல பாய்ந்து நஞ்சு மிகுதியாக உடலிலேறின், தசையும் செங்குருதிக் கலங்களும் சிதைந்து, அச்சிதைவுப் பொருள்களாற் சிறுநீரகம் செயலிழப்பதுமுண்டு. அந்நிலையில் இயந்திரத்தின் துணைகொண்டு குருதியைச் சுத்திகரிக்க நேரும். அதற்காகக் கழுத்தின் வழியாகவோ தொடையிடுக்கின் வழியாகவோ பெருநாளமொன்றினுள் ஒரு குழாயைச் செலுத்துவர். கதீற்றர் என்று வைத்தியர் கூறுவது இதனையே. சிறுநீரகம் பழுதுற்றவருக்கு மட்டுமன்றி, குருதியமுக்கம் வீழ்ந்தவருக்கும், உணவையும் மருந்தையும் நேரே நாளத்தின் வழியாகப் பெறவேண்டியவருக்கும் இத்தகைய குழாய் பொருத்தப்படுகின்றது.

குழாய் உயிரைக் காப்பது. அதனை இகழ்வது என் நோக்கமன்று. ஆனால் தோல் என்பது உடலின் மதில். குழாயோ அம்மதிலில் நாமே இட்ட வாயில். இதயத்துக்கு அண்மையிலுள்ள பெருநாளம் வரை அவ்வாயில் திறந்து கிடக்கின்றது. குழாய் நுழையும் இடத்திலே தோலில் வாழும் பற்றீரியாக்கள் அதன் புறத்தே பற்றி ஊர்ந்து உட்செல்லலாம். மருந்தேற்றுவதற்காகக் குழாயின் மூடியைத் திறக்குந்தோறும், திறப்பவரின் விரலிலிருந்து உட்புறமாகவும் செல்லலாம். உட்சென்றவை குழாயின் சுவரிலே மெல்லிய படலமாகப் படிந்துகொள்கின்றன. அப்படலத்தினுள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து எளிதிற் புகுவதில்லை. அங்கிருந்து அவை குருதியோட்டத்திற் கலந்ததும் காய்ச்சல், நடுக்கம், குருதியமுக்க வீழ்ச்சி என ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரும். எந்நோய்க்காக வந்தாரோ அந்நோயினின்று மீண்டுகொண்டிருந்த ஒருவர், வந்தபோது இல்லாத நோயினால் மடிகின்றார்.

மடிந்தபின் நாம் என்ன கூறுகிறோம்? விதி என்கிறோம். வைத்தியசாலைத் தரப்பிலோ, நோயாளி ஏற்கெனவே பலவீனமுற்றிருந்தார் என்கின்றனர். இரண்டு விடைகளுக்கும் இடையே பெரிய வேறுபாடில்லை. இரண்டுமே யாரையும் எதனையும் கணக்குக் காட்டுமாறு கேளாத விடைகள்.

இத்தொற்று தவிர்க்கவியலாதது என்ற எண்ணம் உலகெங்கும் நெடுங்காலம் நிலவியது. அதிதீவிர சிகிச்சைக்கு நாம் கொடுக்கும் விலை அது என்றே வைத்தியரும் நம்பினர். அந்நம்பிக்கையை உடைத்தவர் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த வைத்தியர் பீற்றர் ப்ரொனவோஸ்ற். 2001ஆம் ஆண்டளவில் அவர் கையாண்டது புதிய மருந்தோ புதிய இயந்திரமோ அன்று, ஒரு தாள். அதில் ஐந்து செயல்கள். குழாய் பொருத்துமுன் கையைக் கழுவுதல். பொருத்துபவர் தொப்பி, முகமூடி, தூய அங்கி, கையுறை அணிந்து நோயாளியின் உடலையும் தூய விரிப்பினால் முற்றாக மூடுதல். குளோரெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல். இயன்றவரை தொடையிடுக்கைத் தவிர்த்தல். தேவை முடிந்த குழாயை உடன் அகற்றுதல். இவற்றுள் ஒன்றேனும் எந்த வைத்தியருக்கும் தெரியாததன்று. தெரிந்ததை ஒவ்வொரு முறையும் செய்தனரா என்பதே வினா. எனவே தாளை வைத்தியரின் கையிற் கொடாது தாதியின் கையிற் கொடுத்தார். படியொன்று தவறின், அவசர வேளை தவிர்ந்த ஏனைய வேளைகளில், வைத்தியரை நிறுத்தும் உரிமையையும் தாதிக்கு அளித்தார். என் கருத்தில், ஐந்து செயல்களினும் பெரிய புரட்சி இதுவே.

மிச்சிக்கன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகள் பின்னர் இம்முறையைக் கைக்கொண்டன. அதன் பெறுபேறு 2006ஆம் ஆண்டு வெளியாயிற்று. ஆயிரங் குழாய்நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆயிருந்த தொற்று, பதினெட்டு மாதங்களுள் 1.4 ஆகக் குறைந்திருந்தது. குழாய்நாள் என்பது யாதெனில், ஒரு நோயாளி ஒரு குழாயுடன் கழிக்கும் ஒரு நாள். பத்து நோயாளர் பத்து நாட்கள் குழாயுடன் இருப்பின் நூறு குழாய்நாட்கள். ஒவ்வொரு நாளும் ஒரு குறித்த வேளையில், இன்று எத்தனை நோயாளருக்குக் குழாய் உண்டு என்று எண்ணி எழுதினாற் போதும். குழாய் பொருத்தி இரண்டு நாட்களுக்கு மேற்சென்றபின், உடலின் வேறிடத்துத் தொற்று எதனாலும் அன்றிக் குருதியிற் கிருமி வளர்ந்திருப்பதாக ஆய்வுகூடம் உறுதிசெய்யின், அது குழாயின் கணக்கிற் சேரும். கண்காணிப்பு என்னும் பெருஞ்சொல்லுக்குப் பின்னாலுள்ள கணிதம் இவ்வளவே. ஐந்தாம் வகுப்பு மாணவன் செய்யக்கூடிய வகுத்தல்.

எண்ணினால் மட்டுமே உண்மை வெளிப்படும் என்பதற்கு மிச்சிக்கனுக்கு ஒன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்னரே வியன்னா நகரம் சான்று பகர்ந்தது. அங்கே ஒரே வைத்தியசாலையில் இரு மகப்பேற்று விடுதிகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும் மற்றதில் மருத்துவிச்சிகளும் பணியாற்றினர். மாணவரின் விடுதியிலேயே தாய்மார் மிகுதியாக இறந்தனர். காற்றின் நச்சு என்றனர் சிலர். தாய்மாரின் அச்சமே காரணம் என்றனர் வேறு சிலர். இரு விடுதிகளின் கணக்கையும் அருகருகே வைத்து நோக்கிய இக்னாஸ் செம்மெல்வைஸ், பிணவறையிலிருந்து நேரே பிரசவ அறைக்கு வரும் கைகளே காரணமெனக் கண்டு, 1847ஆம் ஆண்டு குளோரின் கலந்த நீரில் கை கழுவுமாறு பணித்தார். பதினெட்டு வீதமளவில் இருந்த இறப்பு சில திங்களில் இரண்டு வீதமளவுக்கு இறங்கிற்று. ஆயினும் அவரது சகாக்களிற் பலர் அதனை ஏற்கவில்லை. கனவானின் கை அழுக்காயிருக்க முடியாது என்பது அக்காலத்தின் எண்ணம். அவ்வெண்ணம் இன்று முற்றாக மறைந்துவிட்டதென்று துணிந்து கூறுவார் உளரோ?

மீண்டும் நம் மலைக்கு வருவோம். எண்ணுதல் என்பது தோட்டத்துக்குப் புதியதொன்றன்று. உலகிலேயே இத்துணை நுணுக்கமாக எண்ணப்பட்ட மக்கள் கூட்டம் வேறெங்கும் இருத்தல் அரிது. விடியற்காலையிற் பெரட்டுக்களத்திற் பேர் எண்ணப்படுகின்றது. செக்றோலில் முழுப்பேரா அரைப்பேரா என்று எழுதப்படுகின்றது. பறித்த கொழுந்து நிறுக்கப்படுகின்றது. சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் அந்நிறையிற் கழிக்கப்படுகின்றது. தொழிற்சாலைக்குட் சென்றோர் அங்குள்ள கரும்பலகையைக் கண்டிருப்பர்: வந்த பச்சைக் கொழுந்து எவ்வளவு, இறக்கிய தூள் எவ்வளவு என்று அன்றன்றைக்கு எழுதப்பட்டிருக்கும். ஒரு கிலோ தூள் குறைந்தால் விசாரணை நடக்கும்.

இதே மக்களின் சாவு மட்டும் எக்காலத்திலும் ஒழுங்காக எண்ணப்படவில்லை. 1840களிற் கோப்பித் தோட்டங்களுக்கென்று மன்னார்க் கரையிலிறங்கி வடபாதை வழியே நடந்துவந்தோரில் எத்தனை பேர் கொலராவுக்கும் காய்ச்சலுக்கும் பட்டினிக்கும் இரையாயினர்? எழுபதினாயிரம் பேர் என்று 1849இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை மதிப்பிட்டது. வந்தோர் தொகையையும் திரும்பிச் சென்றோர் தொகையையும் ஒப்பிட்டு ஊகித்த எண் அது. ஆகவே தோட்ட உடைமையாளர் தரப்பு அதனை மறுப்பதும் எளிதாயிற்று. வரலாற்றாசிரியர் இன்றும் அதனைப் பற்றி வாதிடுகின்றனர். இறந்தோரை எண்ணாமல் விட்டவர்களுக்கு அதனாற் கிடைத்த பெரும் ஆதாயம் இதுதான்: குற்றச்சாட்டு என்றென்றைக்கும் மதிப்பீடாகவே நின்றுவிடும். 1872ஆம் ஆண்டிலும் 1912ஆம் ஆண்டிலும் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும் அவற்றின் கண்ணில் தொழிலாளி முதலில் உழைப்பு, பின்னரே மனிதன். படுக்கையிற் கிடக்கும் ஆள் செக்றோலில் விழுந்த இடைவெளியாகவே கருதப்பட்டான்.

அக்காலம் கடந்துவிட்டது என்பர். கட்டடங்களை நோக்கின் கடந்துவிட்டதுதான். இந்திய உதவியுடன் எழுந்த டிக்கோயா ஆதார வைத்தியசாலையின் 150 கட்டில்கள் கொண்ட புதிய கட்டடத்தை 2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமரே நேரில் வந்து திறந்துவைத்தார். நெதர்லாந்தின் துணையுடன் கட்டப்பட்ட நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையின் புதிய தொகுதி 2019இல் திறக்கப்பட்டது. இவற்றின் பயனை நான் குறைத்து மதிப்பிடவில்லை. பிரசவ வலியெடுத்த பெண்ணைக் கம்பளியிற் கட்டித் தோளிற் சுமந்து சென்ற கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் திறப்புவிழாவுக்குப் பின்னர் என்ன நடக்கின்றது என்று கேட்கும் வழக்கம் நமது அரசியல்வாதிகளுக்குமில்லை, தொழிற்சங்கங்களுக்குமில்லை, பத்திரிகைகளுக்குமில்லை. கல்வெட்டிலே யாருடைய பெயர் முதலிற் பொறிக்கப்பட்டது என்பது பற்றி நடைபெறும் வாதத்திற் பத்திலொரு பங்கேனும், உள்ளே பொருத்தப்பட்ட குழாய்களிற் கிருமி ஏறிய எண்ணிக்கை பற்றி நடைபெற்றதுண்டா?

இவ்விடத்திற் சொந்த அனுபவமொன்றைச் சுருக்கமாகக் கூறுவது பொருந்தும். என் பெரியம்மா குளவிக் கொட்டுக்கு ஆளாகி, சிறுநீர் நின்று, நமது மாவட்டத்துக்கு வெளியேயுள்ள ஒரு வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கழுத்திற் குழாய் பொருத்தினர். ஐந்தாறு நாட்களிற் சிறுநீரகம் தேறத் தொடங்கியது என்றனர். அதன்பின் குளிர்காய்ச்சல் வந்தது. “இரத்தத்திலே கிருமி” என்ற இரண்டு சொற்கள், சுத்திகரிப்புத் தொழிலாளி ஒருவரின் மொழிபெயர்ப்பிலே எங்களுக்குக் கிடைத்தன. அடுத்து எங்களிடம் கேட்கப்பட்ட வினா, வீட்டிலே மலசலகூடம் உண்டா என்பது. குழாய் பொருத்தி ஒரு வாரமாகியும் அக்குழாய் பற்றி ஒரு வார்த்தையுமில்லை. மூன்று வாரம் மேலதிகமாகக் கிடந்து அவர் பிழைத்துக்கொண்டார். அவரது மகள் அம்மூன்று வாரமும் பேர் இழந்தாள். வெளியேறும்போது தந்த நோய் நிர்ணய அட்டையில் ஆங்கிலத்தில் ‘செப்சிஸ்’ என்று ஒரு சொல் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்று அட்டை கூறவில்லை. தோட்டத்தில் இன்றும் அது குளவியின் நஞ்சு என்றே நம்பப்படுகின்றது.

ஒரு வினாவில் ஒரு நூற்றாண்டின் எண்ணப்போக்கு முழுவதும் அடங்கியிருப்பதை வாசகர் உணர்வர். குடிநீராற் பரவும் வயிற்றோட்டத்துக்கு மலசலகூடம் பற்றிக் கேட்பது பொருத்தம். ஏழாம் நாளிற் கழுத்துக் குழாயின் வழியே ஏறிய கிருமிக்கு லயத்து மலசலகூடம் எவ்வாறு பொறுப்பாகும்? தோட்டத்து மனிதனின் உடல் அழுக்கானது என்ற முன்முடிபு அங்கே ஆய்வுகூடத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றது. சாதியாலும் தொழிலாலும் வசிப்பிடத்தாலும் தாழ்த்தப்பட்ட மக்கள் எங்கெல்லாம் உளரோ அங்கெல்லாம் நோய்க்குக் காரணம் நோயாளியே என்ற வாதம் ஆயத்தமாகக் காத்திருக்கும்.

மொழியும் இதிற் பங்கு கொள்கின்றது. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பெயர்ப்பலகைகளில் அது நிறைவேறியுள்ளது, எழுத்துப் பிழைகளோடேனும். ஆனால் மலையக வைத்தியசாலைகளிற் பணியாற்றும் தாதியருட் பெரும்பாலார் சிங்கள மொழியினர். நோயாளருட் பெரும்பாலார் தமிழர். குழாய் நுழைந்த இடம் சிவந்தாலும் வலித்தாலும் நனைந்தாலும் அதனை முதலில் உணர்பவர் நினைவோடு இருக்கும் நோயாளியே. “எரியுதுங்க” என்று அவர் கூறும் சொல் நோயாளியின் அட்டையிற் குறிப்பாக ஏறுமாயின் அதுவும் ஒரு கண்காணிப்பு. ஏறாதாயின் அது வெறும் முனகல். ஆகவே மொழியுரிமையை மேடைப் பொருளாக மட்டும் கருதுவோர் அறியவேண்டும்: அது நாளத்தினுட் செல்லும் குழாய் வரைக்கும் சென்று சேரும் பொருள்.

இனி, எதிர்வாதங்களை நோக்குவோம்.

வசதியில்லை என்பதே முதலாவது வாதம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியின்போது மருந்தும் கையுறையும் தட்டுப்பட்டமையை நாடறியும். வைத்தியரும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டை விட்டுச் சென்றமையும் அறிந்ததே. ஒரு தாதி பார்க்கவேண்டிய நோயாளரை விட இரு மடங்கினரைப் பார்க்கும்போது கை கழுவும் நேரமே முதலிற் குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. அதனாலேதான் கணக்கு வேண்டும் என்கிறேன். தாதியர் குறைந்த மாதத்திலே தொற்றுக் கூடியது என்று எண்களாற் காட்டக்கூடிய வைத்தியசாலை, கொழும்பிலுள்ள அமைச்சின் மேசை மீது தட்டிக் கேட்கலாம். எண்ணில்லாத வைத்தியசாலை மன்றாடலாம், அவ்வளவே. மிச்சிக்கனிலும் சில வைத்தியசாலைகளின் குழாய்ப் பொதிகளிற் குளோரெக்சிடின் இருக்கவில்லை. பின்னரே நிர்வாகத்தினர் அதனைக் கொள்வனவு செய்தனர். மேலும் ஒன்று: குருதித் தொற்றுக்கு ஆளான ஒருவருக்கு வாரக்கணக்கிற் கொடுக்கவேண்டிய விலைகூடிய நுண்ணுயிர்க்கொல்லியோடும், அவர் அடைத்துக்கொள்ளும் கட்டிலோடும் ஒப்பிடின், ஒரு கிண்ணம் கிருமிநீக்கித் திரவத்தின் விலை பொருட்படுத்தத் தக்கதன்று. ஏழை நாட்டுக்கே இத்தொற்று கட்டுபடியாகாதது.

ஏழை நாடுகளில் இது மிகுதி என்பதும் ஊகமன்று. இந்தியா உட்பட வளர்முக நாடுகள் எட்டின் 55 அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளை உள்ளடக்கி 2006இல் வெளியான ஆய்வொன்று, ஆயிரங் குழாய்நாட்களுக்கு 12.5 என்ற எண்ணைத் தந்தது. வெட்கப்படவேண்டிய எண்தான். ஆயினும் அந்நாடுகளின் வைத்தியர் அதனை வெளியிட்டனர் என்பதைக் கவனிக்க.

எண்களை வெளியிட்டால் மக்கள் பீதியுற்று வைத்தியசாலைக்கு வரமாட்டார்கள் என்பது இரண்டாவது வாதம். படித்தவர்கள் படியாதவர்களைப் பற்றிக் கூறும் வாதங்களில் இது மிகப் பழையது. தோட்டத்து மக்கள் ஏற்கெனவே பீதியுற்றுத்தான் இருக்கின்றனர். பெரிய வாட்டுக்குக் கொண்டுபோனால் ஆள் திரும்பாது என்ற பேச்சு எந்த லயத்தில் இல்லை? எண் இல்லாத இடத்தில் வதந்தி வளர்கின்றது. சென்ற மாதம் இங்கே இத்தனை குழாய்நாட்கள், இத்தனை தொற்றுக்கள், கடைசித் தொற்று நேர்ந்து இத்தனை நாட்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகையொன்று வாயிலிலே தொங்குமாயின், அப்பேச்சு குறையுமேயன்றிக் கூடாது.

மூன்றாவது வாதம் சற்று நுட்பமானது. அதனை நான் மதிக்கின்றேன். எண்ணைத் தண்டனைக்குரிய கருவியாக்கினால் எண்ணே பொய்யாகிவிடும் என்பர். உண்மைதான். குருதிப் பரிசோதனை செய்யாத இடத்திலே தொற்று என்றும் பூச்சியம். இங்கிலாந்தில் 2009 தொடக்கம் 2011 வரை மிச்சிக்கனைப் பின்பற்றி ஓர் இயக்கம் நடைபெற்றது. அதன்போது வெவ்வேறு வைத்தியசாலைகளில் இருந்து கவனித்த மேரி டிக்சன்-வூட்ஸ் முதலிய ஆய்வாளர், ஒரே வரைவிலக்கணத்தைக் கையிற்கொண்டு ஒவ்வொரு பிரிவும் ஒவ்வொரு விதமாக எண்ணியதை எடுத்துக்காட்டினர். ஏமாற்றும் நோக்கத்தினாலன்று, குருதி மாதிரி எடுக்கும் வழக்கமும், எழுதுபவர் யார் என்பதும் இடத்துக்கிடம் வேறுபட்டமையால். இதிலிருந்து பெறப்படுவது எண்ணாதே என்பதன்று. எப்படி எண்ணுகிறோம் என்பதையும் வெளிப்படையாக எழுது என்பதே. தாதியொருவரைப் பிடித்துத் தண்டிப்பதற்காக இக்கணக்கைக் கேட்போர் எவராயினும் அவரோடு எனக்கு உடன்பாடில்லை. அதிக வேலைச்சுமையைத் தாங்குபவர் மீதே பழி விழும் என்பதைத் தோட்டத்திற் பிறந்தவர்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தூள் குறைந்த நாட்களில் விசாரணை எங்கே தொடங்குகின்றது என்பதை நாம் கண்டிருக்கிறோம்.

மேற்கூறிய டிக்சன்-வூட்ஸ் வைத்தியரல்லர், சமூகவியலாளர். நான்காவது எதிர்வாதத்துக்கு அதுவே விடையாகின்றது. கலைப்பீட மாணவருக்குக் கதீற்றரோடு என்ன அலுவல் என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். சங்க இலக்கியத்தில் மலைவளம், பெருந்தோட்டச் சமூகத்தில் நாட்டார் பாடல்கள் என்றெல்லாம் எழுத எவ்வளவோ இருக்க இதற்கேன் போகவேண்டும் என்பது அவருடைய ஆதங்கம். மலையகத்தைப் பற்றி நமது சங்கங்கள் இதுவரை எழுதியவற்றுட் பெரும்பங்கு துயரத்தின் அழகைப் பற்றியவை என்று நான் கருதுகின்றேன். கொழுந்துக் கூடையும் பனிமூட்டமும் தாலாட்டும் ஒப்பாரியும் நமக்கு நன்கு பழகிவிட்டன. ஒப்பாரியைத் தொகுத்து ஆராய்வோர் அச்சாவின் காரணத்தையும் ஒருமுறை ஆராய்ந்தால் என்ன குறைந்துவிடும்? யார் எண்ணப்படுகின்றார், யார் விடுபடுகின்றார், எம்மொழியில் எழுதப்படுகின்றது, எவரது கை சந்தேகிக்கப்படுகின்றது, எவரது கை சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்பன கலைப்பீடத்துக்குரிய வினாக்கள் இல்லையென்றால் வேறெவை அதற்குரியவை என எனக்கு விளங்கவில்லை.

நம் கோரிக்கைகள் பெரியவையல்ல. அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் குழாய்நாட் கணக்கும் தொற்றுக் கணக்கும் மாதந்தோறும் வாயிலில் எழுதப்படல் வேண்டும். குழாய் பொருத்தியோர் பின்பற்றிய படிகள் நோயாளியின் பதிவேட்டோடு இணைக்கப்படல் வேண்டும். படி தவறும்போது “நிறுத்துங்கள்” என்று கூறும் உரிமை தாதிக்கு எழுத்திலே வழங்கப்படல் வேண்டும். வழங்கினால் மட்டும் போதாது, கூறிய தாதி மறுநாள் இடமாற்றம் பெறாதிருத்தலும் வேண்டும். நோய் நிர்ணய அட்டையில், தொற்று வைத்தியசாலையிலேயே ஏற்பட்டதாயின் அவ்வாறே எழுதப்படல் வேண்டும். நோயாளி வாசிக்கும் மொழியில்.

இவை அமைச்சின் கையில் இருப்பவை. நம் கையிலும் ஒன்றிருக்கிறது. அதிதீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே வாங்கில் இருக்கும் தோட்டத்து உறவினர் கேட்கத்தக்க வினாக்கள் நான்கைந்தே: உள்ளே எந்த இடத்திற் குழாய் போட்டிருக்கிறது? என்றைக்குப் போட்டது? இன்றைக்கும் அது தேவையா? காய்ச்சல் இருக்கிறதா? இரத்தம் சோதனைக்கு எடுத்தாயிற்றா? இவற்றைத் தமிழில் ஒரு வரியும், அதன் கீழே அதே வினா சிங்களத்தில் ஒரு வரியுமாக, உள்ளங்கையளவு தாளில் அச்சிட்டுக் கொடுக்கலாம். வாசிக்கத் தெரியாதவர் தாளை நீட்டினாற் போதும். மருத்துவபீடத் தமிழ் மாணவர் சொல்லைச் சரிபார்ப்பர். சிங்களத் தோழர் மறுபாதியை எழுதித் தருவர். நமது வருடாந்தக் கலைவிழா மேடை அலங்காரத்துக்குச் செலவிடும் பணத்தில் நுவரெலியாவுக்கும் டிக்கோயாவுக்கும் வேண்டிய தாள்களை அச்சிட்டு மீதியும் காணலாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை ஒரு பிரேரணையாக முன்வைக்க இருக்கின்றேன். வழிமொழிய ஒருவர் வேண்டும்.